10 மணிக்குப் படுத்தும் 12 வரை தூக்கம் வருவதில்லை

கேள்வி: எழுவது காலை 6 மணிக்கு. 9 மணிக்கே படுத்தால் சரியாகுமா?

பதில் 1: ஆகாது, இன்னும் மோசமாகும். விழித்தபடி புரள்கிற நேரம் கூடக் கூட, படுக்கை என்றாலே விழிப்புதான் என்று மூளை பழகிவிடும். இப்போது வருவது 6 மணி நேரத் தூக்கம். அப்படியானால் 12 மணிக்கே படுங்கள், 6 மணிக்கு அலாரம், விடுமுறை நாளிலும் அதே. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ஒரு வாரம் தூங்கினால், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளலாம். முதல் வாரம் பகலில் கண் சொக்கும், வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

பதில் 2: படுத்து சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் வேறு அறைக்குப் போய்விடுங்கள். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், மணி பார்த்தாலே பதற்றம்தான். மங்கிய வெளிச்சத்தில் துணி மடிக்கலாம். போன் வேண்டாம். கண் செருகும்போது மட்டும் திரும்புங்கள்; வெறும் களைப்பு போதாது. சோபாவிலேயே தூங்கிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

பதில் 3: காபியை மறந்துவிட்டீர்களே! காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். மதியத்துக்குப் பிறகு டீயும் வேண்டாம். படுக்க ஒன்றரை மணி நேரம் முன் 10 நிமிடம் வெந்நீரில் குளியுங்கள். தோலுக்கு ரத்தம் பாய்ந்து உடலின் உள்சூடு இறங்கும், அதுதான் தூக்கத்தை அழைத்து வரும். குளித்த கையோடு படுத்தால் சூடு இறங்க நேரமிருக்காது.

கேட்டவர்: மதியம் குட்டித் தூக்கம்?

பதில் 1: இந்த வாரங்களில் வேண்டாம். இரவுக்குச் சேர்கிற தூக்கத்தை அது தின்றுவிடும்.