கிராங்க் போல்ட் கழலவே இல்லை, அவசரம்!

சத்துவாச்சாரி சைக்கிள்:
பெடல் மாட்டியிருக்கும் கை இருக்கிறதே, அந்தக் கிராங்க்கை அச்சில் பிடிக்கும் போல்ட் நன்றாக இறுகிக் கிடக்கிறது. ஸ்பானர் போட்டுப் பார்த்தாச்சு, அசையவில்லை. ஞாயிறு காலை ஏலகிரி ஏறுகிறோம், அதற்குள் அந்த அச்சின் பேரிங் மாற்றியாகணும். யாராவது வழி சொல்லுங்கள்.

பாலாறு:
எந்தப் பக்கம்? இரும்பா, அலுமினியமா? போல்ட் தலை எப்படி இருக்கிறது?

தொரப்பாடி:
கறுப்பு இரும்பு சைக்கிள் என்றால் அது போல்ட் இல்லை தம்பி, காட்டர் பின், கிராங்க்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு மாதிரிக் கம்பி. நட்டை முழுசாகக் கழற்றாதே, மரை நுனிக்குச் சமமாக நிறுத்து. கிராங்க்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து ஓங்கி ஒரே அடி. சின்னதாகத் தட்டிக்கொண்டே இருந்தால் மரை நசுங்கிவிடும்.

காட்பாடி ரைடர்:
எதுவானாலும் கிருஷ்ணாயில்தான். ராத்திரி ஊற்றி வை, காலையில் வரும்.

சத்துவாச்சாரி சைக்கிள்:
கியர் சைக்கிள். இடது பக்கம்.

கோட்டை வாசல்:
இடது பக்கம் மரை தலைகீழ்! வலப்புறம் திருப்பு. மத்தியானம் மொட்டை மாடியில் போட்டு வை, நம்ம ஊர் வெயிலுக்கு அலுமினியம் விரிந்து போல்ட் விட்டுக்கொடுக்கும்.

பழைய ஸ்பானர்:
கேட்கும்போதே வண்டி, பக்கம், போல்ட் தலை மூன்றையும் எழுதணும் என்று எத்தனை தடவை சொல்வது? தெரியாதவர்கள் பதில் சொல்வது அதைவிட மோசம். தலைகீழ் மரை இடது பெடலுக்கு. சதுர அச்சு கிராங்க்கில் போல்ட் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான், இடப்புறம் திருப்பினால் கழலும். வெயிலும் உதவாது. போல்ட் ஏறியிருப்பது இரும்பு அச்சில். வெளியே அலுமினியம் கூடுதலாக விரிந்தால் போல்ட் தலையை இன்னும் இழுத்துப் பிடிக்கும்.

தம்பி, சாதாரண ஸ்பானர் போல்ட் இருக்கும் குழிக்குள் சரியாக உட்காராது. ஆறுமுகத் தலை என்றால் பெரும்பாலும் 14 மி.மீ. பாக்ஸ் ஸ்பானர், உள்குழி என்றால் 8 மி.மீ. ஆலன் கீ. சைக்கிளைத் தரையில் நிறுத்திப் பின் பிரேக்கை ஒருவரை இறுக்கிப் பிடிக்கச் சொல். கைப்பிடியை மேல்நோக்கி மாட்டி, குழாய் செருகி, முன் சக்கரப் பக்கம் தள்ளு.

கோட்டை வாசல்:
அப்போ இடது பெடலுக்கு மட்டும் எதற்குத் தலைகீழ்? பேரிங் சிக்கினால் பெடல் தானே கழன்று காலைக் காப்பாற்றத்தான்.

பழைய ஸ்பானர்:
இல்லை. மிதிக்கிற பாரம் அச்சைச் சுற்றிச் சுற்றி விழுவதால், பெடல் அச்சு மரைத்துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உருண்டு எதிர்ப்பக்கம் திரும்பும். சாதாரண மரை போட்டால் இடது பெடல் ஓட ஓடத் தளர்ந்துவிடும்.

கோட்டை வாசல்:
பேரிங் இருக்கும்போது அச்சு எப்படி உருளும்? ஒத்துக்கொள்ள முடியாது.

தொரப்பாடி:
பெடலை விடுங்கப்பா. போல்ட் என்னாச்சு?

சத்துவாச்சாரி சைக்கிள்:
வந்துவிட்டது. 14 பாக்ஸ், குழாய், பின் பிரேக். நன்றி அண்ணா. கிராங்க்தான் அச்சிலிருந்து வரவில்லை. சுத்தியலால் தட்டலாமா?

பாலாறு:
தட்டாதே! என்னிடம் கிராங்க்கை இழுத்து எடுக்கும் புல்லர் இருக்கிறது, சாயங்காலம் கிரீன் சர்க்கிள் பக்கம் வா. வாஷர் உள்ளே இருந்தால் எடுத்துவிடு. புல்லரைக் கையாலேயே மரை முடியும்வரை ஏற்று. பாதியில் நிறுத்தித் திருகினால் அலுமினிய மரை உரிந்து வந்துவிடும், அப்புறம் அந்தக் கிராங்க்கை அறுத்து எடுக்கும்படிகூட ஆகலாம்.