புதுப்பிப்பு: பின்தங்கிய மெட்ரோனோம் சரியாகிவிட்டது

500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டிய என் ஜாவாஸ்கிரிப்ட் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் நிரல்), பத்து நிமிடத்தில் மூன்று நொடிக்கு மேல் பின்தங்குகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். கோளாறு என்னுடையதுதான். ஒவ்வொரு அடிக்கும் பிறகு, இத்தனை மில்லிசெகண்ட் காத்திருந்து ஓடு என்று சொல்லும் செட்டைம்அவுட்டில் (setTimeout) மறுபடி 500 என்றே போட்டிருந்தேன். ஓர் அடி 3 மில்லிசெகண்ட் பிந்தினால், அடுத்தது அந்தப் பிந்திய நேரத்திலிருந்து எண்ணும். 1200 அடிக்கு 3.6 நொடி!

இப்போது தொடக்க நேரத்தை, கணினி நேரத்தைத் திருத்தினாலும் மாறாமல் ஓடும் பெர்ஃபார்மன்ஸ்.நவ் (performance.now) கடிகாரம் மூலம் குறித்துக்கொள்கிறேன். ஏழாவது அடி விழ வேண்டியது தொடக்கம் + 3500இல். அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, மீதியை மட்டும் காத்திருப்பாகத் தருகிறேன். 4 மில்லிசெகண்ட் பிந்தினால் அடுத்த காத்திருப்பு 496. தனி அடி இன்னும் லேசாக ஆடும், ஆனால் பிழை சேராது. கணினிக் கடிகாரத்தைப் படிக்கும் டேட்.நவ் (Date.now) வேண்டாம், அந்தக் கடிகாரத்தை யாராவது திருத்தினால் தாளமும் குதிக்கும்.

அப்புறம் இன்னொரு தலைவலி: டேப் மறைந்திருந்தால் குரோம் பெரும்பாலும் டைமரை நொடிக்கு ஒருமுறைக்கு மேல் ஓடவிடாது. அதனால் டைமரை, பக்கத்திலிருந்து தனியாகப் பின்னணியில் ஓடும் வெப் வொர்க்கருக்கு (Web Worker) மாற்றினேன். லேப்டாப் தூங்கி எழுந்ததும் விட்டுப்போன அடிகளெல்லாம் பட்டாசுச் சரம் போல வெடித்தன. கழித்தது மைனஸ் வந்தால் அவற்றைத் தாண்டச் சொன்னதும் அடங்கியது.