ஒரே ஒரு பந்தின் தயவில் 12 வெற்றிகளா?

பொடோமாக்:
அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் வாஷிங்டன் கமாண்டர்ஸ் அணி கண்ட எழுச்சி முழுவதும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று வழிப்போக்கன் வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். அக்டோபர் 27 அன்று சிகாகோ பேர்ஸ் அணிக்கு எதிராகக் கடைசி விநாடியில் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜேடன் டேனியல்ஸ் வீசிய பந்து தரையில் விழுந்திருந்தால், புதிய தலைமைப் பயிற்சியாளர் டான் க்வின்னை இன்று யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்களாம். இதைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க என்னால் முடியவில்லை. 2023இல் 4 வெற்றி, 13 தோல்வி. அவற்றில் கடைசி 8 ஆட்டங்களும் தொடர் தோல்வி. அந்த அணியின் உரிமையை ஜோஷ் ஹாரிஸ் குழுவினர் 2023 ஜூலையில் வாங்கினார்கள். 2024 ஜனவரியில் ஆடம் பீட்டர்ஸ் பொது மேலாளராக வந்தார். பிப்ரவரியில் க்வின் வந்தார். ஏப்ரல் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு; முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கு முன்னுரிமை) இரண்டாவது தேர்வாக டேனியல்ஸ் வந்தார். அடுத்த பருவத்தில் 12 வெற்றி, 5 தோல்வி. பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றான ப்ளேஆஃபில் டாம்பா பேயையும் டெட்ராய்ட்டையும் அவரவர் மைதானத்திலேயே வென்று, 1991ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பிறகு முதன்முறையாக, லீகின் இரு மாநாடுகளில் (அணிப் பிரிவுகளில்) ஒன்றான என்எஃப்சியின் இறுதிப்போட்டியில் நின்றார்கள். இத்தனையும் ஒரே பந்தில் அடங்குமா?

வழிப்போக்கன்:
அடங்கும் என்றுதான் சொல்கிறேன். அந்தப் பந்து 52 யார்டு டச்டவுன் (எதிரணியின் கோல் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து 6 புள்ளி பெறுவது) ஆனது எவருடைய திட்டத்தாலும் அல்ல. சிகாகோவின் டைரீக் ஸ்டீவன்சன் அந்தக் கடைசி முயற்சி தொடங்கிய பிறகும் பார்வையாளர்கள் பக்கம் திரும்பிக் கேலி செய்துகொண்டிருந்தார். பிறகு பதறி ஓடிவந்து துள்ளிக் குதித்துப் பந்தைத் தட்டிவிட்டார். அது அவருக்குப் பின்னால் தனியாக நின்றிருந்த நோவா பிரவுனின் கையில் போய் விழுந்தது. இதில் க்வின்னின் பயிற்சி எங்கே இருக்கிறது, பீட்டர்ஸின் தீர்க்கதரிசனம் எங்கே இருக்கிறது? எதிரணி வீரர் தட்டிக்கொடுத்த பந்தைப் பிடித்ததற்கு இவ்வளவு பெரிய மேடை போட வேண்டுமா? ஹாரிஸ் குழுவினர் 605 கோடி டாலர் கொடுத்தது ஸ்டீவன்சனுக்காக அல்லவே.

ஏரிக்கரை:
சிகாகோ ரசிகன் என்ற முறையில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். ஸ்டீவன்சன் செய்தது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீச்சுக்கு முந்தைய முறை வாஷிங்டனின் டெர்ரி மெக்லாரினுக்கு 13 யார்டு இலவசமாக விட்டுக்கொடுத்தவர் எங்கள் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸ். அதன் பிறகு கையிருப்பில் இருந்தது 2 விநாடி. அந்த 13 யார்டு கிடைக்காமல் இருந்திருந்தால் பந்து கோல் எல்லைவரை வந்திருக்கவே வந்திருக்காது. அது பெரிய விஷயமல்ல என்பதுபோல் அவர் ஆட்டம் முடிந்த பிறகு பேசியதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே இது வாஷிங்டனின் திறமையும் அல்ல, வாஷிங்டனின் அதிர்ஷ்டமும் அல்ல. முழுக்க முழுக்க எங்கள் மடத்தனம். அதன் பெருமையை இரு தரப்பாரும் எங்களிடமிருந்து பறிக்க வேண்டாம்.

பொடோமாக்:
ஏரிக்கரை அவர்களின் நகைச்சுவை உணர்வுக்கு வணக்கம். ஆனால் அவரும் பாதி ஆட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார். நான்காம் கால் பகுதியில், கோல் எல்லைக்கு ஒரு யார்டு தொலைவில், டக் க்ரேமர் என்ற தடுப்பு வரிசை வீரரின் கையில் பந்தைக் கொடுத்து அவர் அதை நழுவவிட்டாரே, அது யார் வரைந்த திட்டம்? அன்று சிகாகோ டச்டவுனுக்கு அருகில் வந்து தானாகவே பின்வாங்கியதை யாரும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. வாஷிங்டனோ ஆட்டம் முழுவதும் சிகாகோவைவிடப் பல யார்டு கூடுதலாக முன்னேறியும் டச்டவுன் இல்லாமல் 4 ஃபீல்டு கோல்களோடு (உதைத்து எடுப்பவை, தலா 3 புள்ளி) 12 புள்ளியில் தவித்தது. கடைசி 25 விநாடியில் சிகாகோ 15–12 என்று முந்தியது. விலா எலும்புக் காயத்தோடு, விளையாடுவாரா மாட்டாரா என்று அந்த வாரம் முழுவதும் பேசப்பட்ட ஒரு புதுமுக குவார்ட்டர்பேக் ஏறத்தாழ 13 விநாடி பந்தோடு அங்குமிங்கும் ஓடித் தப்பித்து, 60 யார்டுக்கு மேல் வீசினார். அந்த ஓட்டத்தையும் ஸ்டீவன்சன்தான் ஓடினாரா?

இனி வழிப்போக்கனுக்கு. அந்த ஆட்டத்தை அப்படியே தோல்வியாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. 11 வெற்றி, 6 தோல்வி. ப்ளேஆஃப் வரிசையில் எங்களுக்கு அடுத்து நின்ற க்ரீன் பே அணிக்கும் அதே 11–6. இவ்விரு அணிகளும் அந்தப் பருவத்தில் ஒன்றோடொன்று மோதவில்லை. எனவே அந்தச் சமநிலையைப் பிரிக்க மாநாட்டுக்குள், அதாவது என்எஃப்சி அணிகளுக்கு எதிராக, பெற்ற வெற்றிகளைத்தான் ஒப்பிட வேண்டும். சிகாகோ வெற்றியைக் கழித்த பிறகும் வாஷிங்டனுக்கு 8–4, க்ரீன் பேக்கு 6–6. ஆகவே அதே ஆறாவது இடம், அதே டாம்பா பயணம், அதே 23–20 வெற்றி. நீங்கள் தூக்கிப் பிடிக்கும் அந்தப் பந்து ப்ளேஆஃப் வரிசையில் ஒரு படியைக்கூட மாற்றவில்லை.

வழிப்போக்கன்:
காகிதத்தில் கழித்துக் காட்டுவது எளிது. 5 வெற்றி, 2 தோல்வியோடு நின்ற ஓர் இளம் அணி, சொந்த மைதானத்தில், அதே டிராஃப்டில் முதல் தேர்வான சிகாகோ குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸிடம் தோற்றிருந்தால் அதன் மனநிலை என்னவாகியிருக்கும் என்பதை எந்தக் கூட்டல் கழித்தல் சொல்லும்? அந்தப் பந்து விழுந்திருந்தால் அடுத்து வந்த ஒவ்வொரு ஆட்டமும் வேறாக இருந்திருக்கும். என் கேள்வி எளியது, அதற்கு மட்டும் விடை கொடுங்கள்: ஸ்டீவன்சன் பந்தைத் தட்டினாரா, இல்லையா?

கழுகுக்கண்ணன்:
ஒரே பந்தைப் பற்றி இவ்வளவு சண்டை தேவையில்லை. டிசம்பர் 22 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை 36–33 என்று வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் முதல் கால் பகுதியிலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாகக் கென்னி பிக்கெட் ஆடிய அந்த ஆட்டத்திலும் எங்கள் டெவோன்டா ஸ்மித் கையில் விழுந்த பந்தைப் பிடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். கடைசி 6 விநாடியில் ஜேமிசன் க்ரௌடருக்கு டச்டவுன் கிடைத்திருக்காது. ஹர்ட்ஸ் முழு உடல்நலத்தோடு ஆடிய நாளில் என்ன நடந்தது என்பதை என்எஃப்சி இறுதிப்போட்டியின் 55–23 என்ற எண்கள் சொல்லும். உங்கள் அணி தன் முதல் தாக்குதலில் 18 முறை பந்தை நகர்த்தி 3 புள்ளி எடுத்தது. சக்வோன் பார்க்லி நாங்கள் ஆடிய முதல் முறையிலேயே 60 யார்டு ஓடி 6 புள்ளி எடுத்தார்.

பொடோமாக்:
கழுகார் வருவார், 55 புள்ளிகளை இந்த இழையிலும் கடைவிரிப்பார் என்று தெரியும். டிசம்பர் ஆட்டத்தில் வாஷிங்டன் 5 முறை பந்தை எதிரணியிடம் இழந்தது. அதன் பிறகும் டேனியல்ஸ் 5 டச்டவுன் பந்துகள் வீசினார். ஹர்ட்ஸ் தலையில் அடிபட்டது எங்கள் அதிர்ஷ்டம் என்றால், 5 முறை பந்து பறிபோனது எங்கள் துரதிர்ஷ்டமா, அல்லது உங்கள் திறமையா? ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தராசு வேண்டாம். டல்லாஸுக்கு எதிரான நவம்பர் ஆட்டத்தையும் யாரும் எடுப்பதில்லை. 21 விநாடி மீதமிருக்க மெக்லாரின் 86 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டிய ஒற்றைப் புள்ளி உதையை ஆஸ்டின் சைபர்ட் தவறவிட்டார். அடுத்த உதையைப் பிடித்த டல்லாஸ் வீரர் அதையும் டச்டவுனாக்கினார். 34–26. காக்கை எங்கள் தலையில் உட்கார்ந்த நாள்களைக் கணக்கில் சேர்க்க ஏன் இவ்வளவு தயக்கம்?

நிதானி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அதிர்ஷ்டம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் இந்த விவாதம் பயன்படும். எட்டுப் புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் முடிந்த 12 ஆட்டங்களில் வாஷிங்டன் 8 வென்றது, 4 தோற்றது. இதில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு பயிற்சி என்று பிரித்துப் பார்க்கலாம். மேலும், 2023இன் 4–13ஐ வைத்து முந்தைய பயிற்சியாளர் ரான் ரிவேராவை எல்லாரும் மிதிப்பது நியாயமாகத் தெரியவில்லை. டான் ஸ்னைடரின் உரிமைக் காலத்தின் கடைசிக் கொந்தளிப்பில், அணியின் பெயரே மாறிய ஆண்டில், புற்றுநோய்ச் சிகிச்சையை எடுத்துக்கொண்டே பயிற்சி தந்தவர் அவர். பிரையன் ராபின்சனைப் போன்றவர்கள் அவர் காலத்தில் வந்தவர்கள்தானே?

பொடோமாக்:
வரையறை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நிதானி அவர்களே. ரிவேராவின் மனவுறுதியை நான் ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் அவர் புதிய தலைமைக்கு விட்டுச்சென்ற மிகப் பெரிய சொத்து கடைசி 8 தோல்விகள்தான். அவை இல்லாமல் இரண்டாவது தேர்வு ஏது, டேனியல்ஸ் ஏது? மற்றபடி பாபி வாக்னர், ஸாக் எர்ட்ஸ், ஆஸ்டின் எக்லர், ஃப்ராங்கி லூவு என்று பெரும்பகுதி வீரர்களை ஒரே கோடையில் மாற்றியவர் பீட்டர்ஸ். 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் கடைசி வாய்ப்பான நான்காம் முயற்சியில் பந்தை உதைத்துவிட்டு ஓடாமல், பருவம் முழுவதும் 23 முறை துணிந்து ஆடி 20 முறை வென்றார்கள். அந்தத் துணிவுக்குப் பொறுப்பேற்றவர் க்வின். 28–3 என்று முன்னிலை பெற்றும் 2017 பிப்ரவரியில் லீகின் பட்டப் போட்டியான சூப்பர் பவுலைக் கைநழுவவிட்டவர் என்று எட்டு ஆண்டுகளாகக் கேலிக்கு ஆளானவர், பயந்து ஒடுங்காமல் இப்படி ஆடினார். இதை ஏன் யாரும் பேசவில்லை? பேசினால் அந்தப் பந்து சிறுத்துவிடும் என்ற அச்சம்தான்.

வழிப்போக்கன்:
நீண்ட பதில். ஸ்டீவன்சன் பந்தைத் தட்டினாரா என்பதற்கு இன்னும் விடை இல்லை.

ஏரிக்கரை:
தட்டினார், தட்டினார், தட்டினார். மூன்று முறை எழுதிவிட்டேன், போதுமா? அன்றுவரை 4 வெற்றி, 2 தோல்வி என்றிருந்த நாங்கள், அந்த ஆட்டத்தையும் சேர்த்துத் தொடர்ந்து 10 ஆட்டங்களைத் தோற்றோம். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள் எபர்ஃப்ளூஸ் வேலையை இழந்தார். ஒரு பந்து ஒரு பருவத்தை மாற்றியது என்றால் அது எங்கள் பருவம், உங்களுடையது அல்ல. ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். 2024 ஜனவரியில் வாஷிங்டன் குழுவினர் நேர்காணலுக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தபோதே விலகிக்கொண்ட பென் ஜான்சன் இப்போது எங்கள் பயிற்சியாளர். க்வின் உங்களுக்கு முதல் தேர்வே அல்ல என்பதைப் பொடோமாக் வசதியாக மறந்துவிடுகிறார்.

பொடோமாக்:
மறக்கவில்லை, மகிழ்ச்சியோடு நினைவில் வைத்திருக்கிறேன். 15 வெற்றிகளோடு முதலிடத்தில் இருந்த டெட்ராய்ட்டின் தாக்குதல் பிரிவை அதே ஜான்சன்தான் நடத்தினார். 2025 ஜனவரி 18 அன்று அவருடைய மைதானத்தில் 45–31. ஓடித் திரிய வேண்டிய ஜேம்சன் வில்லியம்ஸைப் பந்து வீச வைத்தார் அந்த மேதை. அதை மைக் சேன்ரிஸ்டில் பறித்தார். தேடி வந்தவர்களை வேண்டாமென்று சொன்னவருக்கு அதைவிடச் சிறந்த பதிலை என்னால் எழுத முடியாது. அன்று டெட்ராய்ட் 5 முறை பந்தை இழந்ததையும் ஸ்டீவன்சன்தான் தட்டிவிட்டார் என்று இப்போது யாராவது எழுதுவார்கள்.

கழுகுக்கண்ணன்:
சேன்ரிஸ்டிலைப் பற்றிப் பேசியது நல்லதாயிற்று. மான்டெஸ் ஸ்வெட் என்ற வீரரைச் சிகாகோவுக்கு அனுப்பி ரிவேரா காலத்தில் கிடைத்த 40ஆவது டிராஃப்ட் தேர்வை எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் பீட்டர்ஸ் பின்னால் நகர்ந்து 50ஆவது தேர்வில் அவரை எடுத்தார். அந்த 40இல் நாங்கள் கூப்பர் டிஜீனை எடுத்தோம். அவர் சூப்பர் பவுலில் எதிரணி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் பந்தைப் பறித்து டச்டவுன் போட்டார். பரம எதிரிக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்தவரைத் தீர்க்கதரிசி என்கிறீர்கள். அந்த 55–23 ஆட்டத்தில் லூவு எங்கள் வரிசையைத் தாண்டித் தாண்டிக் குதித்ததையும், இனியும் குதித்தால் எதிரணிக்குப் புள்ளியையே வழங்கிவிடுவேன் என்று நடுவர் அறிவித்ததையும் நான் நாகரிகம் கருதித்தான் இதுவரை குறிப்பிடவில்லை.

பொடோமாக்:
அந்தப் பரிமாற்றத்தில் 50 மட்டுமல்ல, 53ஆவது தேர்வும் எங்களுக்குக் கிடைத்தது; பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது உங்கள் வழக்கம். நாகரிகத்தை ஈகிள்ஸ் ரசிகரிடம் கற்க வேண்டிய நிலை எனக்கு இன்னும் வரவில்லை. குதிப்பதைத் தவிர வேறு வழியில்லாதபடி குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளும் உங்கள் ஆட்டமுறையைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

வழிப்போக்கன்:
53ஆவது தேர்வில் எடுத்த பென் சினாட் முதல் ஆண்டில் எத்தனை பந்து பிடித்தார் என்பதைப் பொடோமாக் அந்தத் தனி இழையிலாவது எழுதட்டும். க்வின்னை நியமித்த அன்று இது பழைய சரக்கு என்று நான் எழுதியதற்காக என்னைத் தடை செய்யச் சொல்லி மனு போட்டவர் இவர்தான் என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொடோமாக்:
மனு போட்டது நீங்கள் க்வின்னைப் பற்றி எழுதியதற்காக அல்ல. என் ஊர்க்காரர்களைப் பற்றி எழுதியதற்காக. அந்தப் பதிவை நீக்கியவரும் நீங்கள்தான். சினாட்டைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.