உச்சிப்புளி மாடி சோலார்: குடும்ப குரூப்

அக்கா: சித்தப்பா, மாடில 3 கிலோவாட் சோலார். நல்ல வெயில்ல நாளைக்கு 13 யூனிட் வரும். பத்து நாளா 9 தாண்டல. பேனல் போச்சு, மாத்தணும்ங்கிறாரு போட்ட ஆளு.

சித்தப்பா: அவசரப்படாதம்மா. 12 மணிக்கு இன்வெர்ட்டர்ல டிசி, அதான் பேனல்ல இருந்து வர்ற கரண்டு, அதோட வோல்ட்டும் ஆம்பியரும் பாத்துப் போடு. 540 வாட் பேனல் ஆறும் ஒரே ஸ்ட்ரிங்குதானே, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வரிசையா கோத்தது?

அக்கா: ஆமா. 231 வோல்ட், 8.6 ஆம்பியர்.

சித்தப்பா: வோல்ட் சரியா இருக்கு. இந்தச் சூட்டுல பேனலுக்கு 38 வோல்ட் கணக்கு, ஆறுக்கு 228. ஒண்ணு செத்திருந்தா முழுசா 38 குறையும். பின்பக்கப் பெட்டிக்குள்ள மூணு பைபாஸ் டயோடு (பேனல்ல ஒரு பகுதி வேலை செய்யலன்னா கரண்டை சுத்தி விடுற பாகம்) இருக்கும், அதுல ஒண்ணு ஷார்ட் ஆனா 12, 13 குறையும். உனக்கு ஆம்பியர் மட்டும்தான் கம்மி, 12 பக்கம் வரணும். வெளிச்சம் உள்ள போகலன்னு அர்த்தம். கச்சான் காத்துல உப்பும் மணலும் அப்பியிருக்கு.

அக்கா: வாரா வாரம் மோட்டார் போட்டு ஹோஸ்ல அடிக்கிறோமே?

பாம்பன் மாமா: அதான் தாயி வினை. போர் தண்ணி உப்பு, காஞ்சதும் வெள்ளையா படியும். குடிக்கிற தண்ணி இல்லன்னா மழைத்தண்ணி, ஆறு பேனலுக்கு 20 லிட்டர் போதும். காலைல 7 மணிக்குள்ள கழுவு. கொதிக்கிற கண்ணாடில பச்சத்தண்ணி பட்டா விரிசல் விடும். சோப்புத்தூள், கம்பி நாரு ஆகாது, ஸ்பாஞ்சு மாப் எடு. பேனல் மேல ஏறாத, உள்ள இருக்கிற செல்லுல விரிசல் விழும்.

அக்கா: வெள்ளை போகலன்னா?

பாம்பன் மாமா: லிட்டருக்கு 100 மில்லி வினிகர். கண்ணாடில மட்டும் துடைச்சு உடனே நல்ல தண்ணி விடு, அலுமினிய பிரேம்ல தங்கக்கூடாது.

சித்தப்பா: கழுவுறதுக்கு முன்னாடி, முதல்ல இன்வெர்ட்டர்ல இருந்து வீட்டுக்குப் போற ஏசி கரண்டு சுவிட்ச், அப்புறம் டிசி ஐசொலேட்டர் (பேனல் கரண்டை நிறுத்துற சுவிட்ச்), ரெண்டும் ஆஃப். ஓடுறப்ப எம்சி4 கனெக்டரை, அதான் பேனல் வயரைச் சேக்குற பிளக்கை, உருவவே உருவாத. டிசி பொறி லேசுல அணையாது, கை வெந்துரும்.

(மறுநாள்)

அக்கா: கழுவியாச்சு! 229 வோல்ட், 11.7 ஆம்பியர். ஆனா கிளாம்ப் போல்ட்டு நாலு துரு.

பாம்பன் மாமா: சாதா இரும்பு போல்ட்டு போட்டிருக்காங்க. கடலோரத்துக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகம்தான் கேக்கணும், 304 ரகம் கொஞ்ச வருசத்துல துருப்புள்ளி விழும். ஒண்ணைக் கழட்டி அதுல புதுசை முறுக்கின பிறகு அடுத்ததுக்குப் போ. நாலையும் சேத்துக் கழட்டுனா காத்து பேனலைத் தூக்கிரும்.