கேஸ்லோடுக்கு ஒரு தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

ஈசூனிலிருந்து:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். மாலைநேர மொழிபெயர்ப்பு வகுப்பு ஒன்றுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடுத்துக்கொண்ட பகுதி இங்கிலாந்து, வேல்ஸ் நன்னடத்தைக் கண்காணிப்புச் சேவை (புரோபேஷன், தவறு செய்தவர்களைச் சிறைக்கு வெளியே கண்காணிப்பது) பற்றியது. 2014இல் அதை இரண்டாக வெட்டினார்கள். ஆபத்து அதிகம் என்று கருதப்பட்டவர்கள் அரசாங்கத்திடம் இருந்தார்கள். மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள 21 நிறுவனங்கள். சரிப்பட்டு வரவில்லை, 2021 ஜூனில் திரும்ப ஒட்டவைத்தார்கள். இடையில் பழுத்த அதிகாரிகள் பலர் போய்விட, மிச்சமிருந்தவர்கள் தலையில் எல்லாம் விழுந்தது.

என் சிக்கல் இதுதான். வொர்க்லோட் (ஓர் அதிகாரிக்கு உள்ள வேலை), கேஸ்லோட் (அவர் பொறுப்பில் உள்ள ஆட்கள்) இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. முதலாவதற்குப் பணிச்சுமை இருக்கிறது. இரண்டாவதற்கு 'வழக்குச்சுமை' என்று போட்டேன். "நீதிமன்றத்தில் தேங்கிக் கிடப்பதா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். பதில் இல்லை.

தோ பாயோவிலிருந்து:

மாணவி கேட்டது சரியே. வழங்கு என்பதிலிருந்து வந்தது வழக்கு. தொல்காப்பியப் பாயிரம் "வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்" என்னும்போது மக்கள் பேச்சைச் சொல்கிறது. நீதி கேட்கும் பொருளும் புதிதல்ல, சிலம்பில் வழக்குரை காதை இருக்கிறது. ஆனால் கண்காணிப்புக்கு ஒருவர் வரும்போது வழக்கு முடிந்துபோயிருக்கும். முடிந்த வழக்கு எப்படிச் சுமையாகும்?

சுமையையும் விட்டுவிடலாம். பொறு என்னும் வேரிலிருந்து பொறை, பொறுமை, பொறுப்பு. பொறை என்றால் பாரம்: "இருநிலந்தான் தாங்காது மன்னோ பொறை." அதே வள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரம் வைத்தது பொறுமைக்கு. இந்த வேலைக்கு இரண்டும் வேண்டுமே! ஆகவே ஆட்பொறை.

செங்காங்கிலிருந்து:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அறைத்தோழர் சென்னைக்காரர். அவருக்குப் பொறை என்றால் டீயில் தொட்டுத் தின்பது.

கேஸ்லோட் என்றே எழுதினால் என்ன? சமூக சேவையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் "எத்தனை கேஸ்?" என்றுதான் சொல்வார்கள். படிப்பவருக்குப் புரியாத தூய்மை யாருக்கு?

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

அப்படியானால் அகராதியே வேண்டாம், தம்பி. நாளைக்கு வொர்க்லோடும் வரும், அப்புறம் பணிச்சுமையும் போய்விடும்.

நான் கேட்க வந்தது வேறு. நன்னடத்தை என்பதே சரிதானா? ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்குச் சோதித்தல் என்று பொருள். வேலையில் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம் என்கிறோம், தவறு செய்தவருக்கு மட்டும் நன்னடத்தை. அதுகூடப் போகட்டும். 'நன்னடத்தைத் தண்டனை' என்று எழுதுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. (பொறை!) நம் சிங்கப்பூர்ச் சட்டப்படி நீதிமன்றம் தண்டனை விதிப்பதற்குப் பதிலாகத்தான் இந்த ஆணையைப் பிறப்பிக்கிறது, 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை.

அதற்கு முன் அதிகாரி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். வீட்டுக்குப் போய், பள்ளியில் விசாரித்து, பெற்றோரிடம் பேசி. அந்த இளையர் இன்னும் யார் கண்காணிப்பிலும் இல்லை. ஆனால் அதிகாரியின் வாரம் போய்விட்டது. ஈசூன்காரர் தேடும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிடோக்கிலிருந்து:

வழக்கமாக நான் வாசிப்பதோடு சரி. இதில் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் தொண்டூழிய நன்னடத்தை அதிகாரி. 1971இலிருந்து இந்தத் திட்டம் இருக்கிறது, நான் சேர்ந்தது ரொம்பப் பிற்பாடு.

என்னிடம் இப்போது இரண்டு பிள்ளைகள். கேஸ் என்று சொல்ல வாய் வராது, பிள்ளைகள் என்றுதான் சொல்வேன். ஒருவன் சொன்ன நேரத்துக்கு வருவான், சமூக சேவை மணிநேரத்தை முடித்துவிட்டான், மாதம் ஒரு சாப்பாட்டோடு என் வேலை தீர்ந்தது. இன்னொருவன் இரவு 10 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும், இருக்கமாட்டான். அவன் அம்மா எனக்குப் போன் அடிப்பார். அந்த அம்மாவுக்கும் நான்தான் ஆறுதல். எண்ணிப் பார்த்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு. தூக்கிப் பார்த்தால் அப்படி இல்லை.

முழுநேர அதிகாரிகளிடம் தமிழில் பேசும்போது "இப்போ கையில எத்தனை பேர்?" என்றுதான் கேட்பேன். அந்தக் 'கை'யை வைத்து ஏதாவது செய்ய முடியாதா?

ஈசூனிலிருந்து:

அக்கா, நன்றி. இங்கிலாந்திலும் அதே கதைதான். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டு, அதிகாரியின் சுமையை விழுக்காட்டில் காட்டும் கருவி வைத்திருக்கிறார்கள். ஒரே எண்ணிக்கை வைத்திருக்கும் இருவரில் ஒருவர் 100ஐத் தாண்டியிருப்பார், மற்றவர் தாண்டியிருக்க மாட்டார். எண்ணுவதற்கு ஒரு சொல், தூக்குவதற்கு ஒரு சொல். இரண்டாவது இருக்கிறது. முதலாவது 'கைப்பொறுப்பு' ஆகலாமா?

தோ பாயோவிலிருந்து:

தூக்குவது என்றதும் சும்மாடு நினைவுக்கு வருகிறது. சுமையடை என்பதும் அதற்கே பெயர். மூட்டை தூக்கிய காலத்துச் சொல், இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாரம் குறையாது, தலை நோகாது. தொண்டூழியர்களுக்குச் சும்மாடர் என்று பெயர் வைக்கலாம்.

பிடோக்கிலிருந்து:

ஐயா, வேண்டாம்.

செங்காங்கிலிருந்து:

"பீலிபெய் சாகாடும்" குறள் இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன். யாரும் சொல்லாததால் நானே சொல்லிவிட்டேன். மயிலிறகு எத்தனை என்று எண்ணுவது கைப்பொறுப்பு, அச்சு முறிவது பணிச்சுமை. சரி, என் ஓட்டு கைப்பொறுப்புக்கு. அடைப்புக்குறிக்குள் கேஸ்லோடும் இருக்கட்டும்.

ஈசூனிலிருந்து:

வியாழன் இரவு 11 மணி. கைப்பொறுப்புக்கு நால்வர், ஆட்பொறைக்கு ஐயா ஒருவர், 'பொறுப்பாள் எண்ணிக்கை' என்று தனிமடலில் ஒருவர். "கைப்பொறுப்பு கூடவில்லை, பணிச்சுமை கூடிவிட்டது" என்று எழுதிப் பார்த்தேன். மாணவி திரும்பக் கேட்கமாட்டார் என்று நம்புகிறேன். அனுப்பிவிட்டேன்.

தோ பாயோவிலிருந்து:

காலையில்தான் பார்த்தேன். கைப்பொறுப்பு என்றால் ஒருவர் கையிலுள்ள பணம், சாவி, சரக்கு எதுவாகவும் இருக்கலாம். ஆள் எங்கே தெரிகிறது? என் மறுப்பு நிற்கிறது. அச்சுப்படியில் 'கைபொறுப்பு' என்று விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒற்று மிகும்.