மண் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வளமா?

தாய்ப்பாறை:
நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றைப் போல மண்ணும் தீர்ந்துபோகும் வளம் என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அது ஏற்புடையதாகத் தெரியவில்லை. விரிசலில் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து கல்லைப் பிளக்கிறது. கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாக இறங்கும் மழைநீர், பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண் கனிமமாக மாற்றுகிறது. எளிதில் சிதையாத குவார்ட்ஸ் என்னும் கனிமம் மணலாக எஞ்சுகிறது. மேலே உள்ள மண் மெலிந்தால் நீரும் வெப்ப மாற்றமும் பாறையை எளிதில் எட்டிச் சிதைவு விரைவடைகிறது. இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு இயற்கையிலேயே இருக்கும்போது இவ்வளவு பதற்றம் எதற்கு?

வேர்முடிச்சு:
தாங்கள் கூறிய வேதியியலில் பிழையில்லை. கணக்கைத்தான் போடாமல் விட்டுவிட்டீர்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் கனமுள்ள மண் என்பது 10 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 13 டன். பாறையிலிருந்து மண் உருவாகும் வேகமோ பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. மூடாக்கு ஏதுமின்றி உழுது போட்ட சரிவு நிலத்தில், ஒரே பெருமழை இதைப் போலப் பல மடங்கை அடித்துச் சென்றுவிடும். நிலம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்ததை யாரும் கண்ணால் காண்பதும் இல்லை. தாங்கள் நம்பும் விரைவுக்கும் எல்லை உண்டு. மண் முற்றிலும் நீங்கிய வெற்றுப்பாறையில் ஈரம் தங்காமல் வழிந்துவிடுவதால், பல இடங்களில் சிதைவு மறுபடியும் மந்தமாகிவிடுகிறது.

தாய்ப்பாறை:
கணக்கை ஏற்கிறேன். ஆனால் அரிப்பு என்றாலே தீமை என்று கொள்வது சரியன்று. ஆற்றுச் சமவெளிகளின் வண்டல், மலைகள் அரிக்கப்பட்டதால் வந்ததுதானே? அரிப்பு மிகக் குறைந்த பழைமையான வெப்பமண்டலச் சமதளங்களைப் பாருங்கள். நெடுங்கால மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கழுவிச் சென்றுவிட, இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண்ணே அங்கு மிஞ்சியிருக்கிறது. ஆழம் இருக்கிறது, ஊட்டம் இல்லை.

மட்கு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவரும் மண்ணைப் பாறைத் தூளாகவே எண்ணி வாதிடுகிறீர்கள். ரஷ்யப் புல்வெளிகளின் கருமண்ணைப் பற்றி 1883-இல் எழுதிய ரஷ்ய மண்ணியல் அறிஞர் தொக்குசாயேவ், மண் என்பது தனக்கென வரலாறு கொண்ட தனிப் பொருள் என்று காட்டினார். 1941-இல் ஹான்ஸ் ஜென்னி என்ற மண்ணியல் அறிஞர் மண்ணை உருவாக்கும் காரணிகளைத் தட்பவெப்பம், உயிரினங்கள், நில அமைப்பு, மூலப்பொருள், காலம் என ஐந்தாக வகுத்தார். பாறை அவற்றுள் ஒன்று மட்டுமே. சிதைவு மண்ணைக் கீழிருந்து சேர்க்கிறது. அரிப்போ மட்கும் வேர்களும் நுண்ணுயிர்களும் செறிந்த மேல்மண்ணை முதலில் எடுத்துச் செல்கிறது. சேர்வதும் போவதும் ஒரே பொருளல்ல என்பதால், டன் கணக்கு சமமாக வந்தாலும் நிலம் ஏழையாகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு: ஆழம் எஞ்சியிருந்தால், இழந்த மட்கின் ஒரு பகுதியைச் சில பத்தாண்டுகளில் மீட்டுவிடலாம்; ஆழத்தை அப்படி மீட்க முடியாது.

வேர்முடிச்சு:
மட்கு அவர்கள் சொன்னதற்கு அமெரிக்கப் பெருஞ்சமவெளி நல்ல சான்று. வேர்ப்பின்னலால் மண்ணைக் கட்டிவைத்திருந்த புல்லை உழுது அகற்றிய பிறகு, 1930-களின் வறட்சியில் மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்தது. 1935 ஏப்ரல் 27 அன்று மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் உழும் சமமட்ட உழவும், வெவ்வேறு பயிர்களை மாறிமாறிப் பட்டைகளாக இடும் பட்டை முறைச் சாகுபடியும், காற்றுத்தடுப்பு மரவரிசைகளும் பரவின. வண்டலைப் பற்றியும் ஒரு சொல்: இன்று அரிக்கப்படும் மண்ணில் கணிசமான பங்கு அணை நீர்த்தேக்கங்களின் அடியில்தான் படிகிறது, வயலில் அல்ல.

தாய்ப்பாறை:
அணையை நான் மறந்தது உண்மைதான். மனித ஆயுளை அளவாக வைத்தால் மண்ணின் ஆழம் புதுப்பிக்கத்தக்கதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து உழவே கூடாது என்ற முடிவுக்குத் தாவுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உழாத சாகுபடி பல இடங்களில் களைக்கொல்லியை நம்பியே நடக்கிறது. சரிவைக் குறைக்கும் வரப்பும், அறுவடைக்குப் பின் விட்டுவைக்கும் தாளும் எவ்வளவு மண்ணை நிறுத்துகின்றன என்று அந்தந்த நிலத்தில் அளந்த பிறகே உழவைக் கைவிடுவது பற்றிப் பேசலாம்.