இன்ஜின் மாற்றிய ஜிப்சியில் ஏசி: ஈசியூவிடம் கேட்க வேண்டுமா, சுவிட்சே போதுமா?

ஏற்காடு மேடு (சேலம்)

வண்டி 1995 ஜிப்சி. வரும்போது 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின், நான்கு கியர். இப்போது உள்ளே இருப்பது ஜிப்சி கிங்கில் வந்த 1.3 எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வகை), அதாவது ஜி13பிபி. கூடவே அதன் ஐந்து கியர் பெட்டி. இன்ஜின் கொடுத்தது ஏலத்தில் எடுத்த வேறொரு வண்டி என்பதால் இன்ஜின், ஈசியூ (இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் பெட்டி), ஒயரிங் மூன்றும் ஒன்றாகவே கிடைத்தன. ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் நம்பர் ஏறிவிட்டது.

மாருதி இந்த வண்டிக்குக் கடைசிவரை ஏசி கொடுக்கவில்லை. சித்திரை மாதச் சேலத்தில் இதை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் கேட்கிறேன் என்று புரியும். டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டும் யூனிட், 508 கம்ப்ரசர், முன்னால் கண்டன்சர் என்பது திட்டம். ஏசிக்காரர் சொல்வது: "சுவிட்ச், தெர்மோஸ்டாட், ரிலே, கிளட்ச். அவ்வளவுதான். ஈசியூ பக்கமே போகாதீர்கள்." நண்பர் சொல்வது: "ஈசியூவுக்குச் சொல்லாமல் கம்ப்ரசரைப் பிடித்தால் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி அணையும்." யார் சொல்வதைக் கேட்பது?

ரிலே வேலு (மதுரை)

தம்பி, ஏசிக்காரர் சொல்வதைக் கேளுங்கள். அம்பாசடர், பத்மினி, ஜீப் என்று ஏசியே இல்லாமல் வந்த வண்டிகளுக்கு வெளியே ஏசி மாட்டிய காலத்தில் ஈசியூ எங்கே இருந்தது? அந்த வண்டிகள் சிக்னலில் நிற்கவில்லையா?

சுவிட்சிலிருந்து தெர்மோஸ்டாட், அதிலிருந்து பிரஷர் சுவிட்ச், அதிலிருந்து ரிலே. ரிலேயின் 30 நம்பர் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேர் ஒயர், 87 நம்பர் முனை கம்ப்ரசரை இன்ஜினோடு பிடிக்கும் கிளட்சுக்கு. கிளட்ச் இழுப்பதே 4 ஆம்பியர்தான். ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் நின்றால் ஒரு டெஸ்ட் லைட்டை வைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஸ்லோ (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கினால் ஐடில்-அப் வால்வ் ஒன்று போடுங்கள். ஏசி போட்டதும் த்ராட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் காற்று திறந்துவிடும். வேலை முடிந்தது.

ஹார்னஸ் கார்த்தி (சென்னை)

வேலு அண்ணே, கார்புரேட்டர் வண்டிக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இது எம்பிஎஃப்ஐ. இங்கே ஐடில்-அப் வால்வ் போடுவதுதான் முதல் கோளாறு.

ஜி13பிபியில் ஸ்லோவைப் பிடித்து வைத்திருப்பது ஈசியூ. அதற்கென்று ஒரு காற்று வால்வ் அதன் கையில் இருக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து காற்று திறந்துவிட்டால் ஆர்பிஎம் கூடும். ஈசியூவுக்கு ஏசி போட்டது தெரியாது, ஆகவே "ஏன் கூடுகிறது" என்று தன் வால்வை மூடும். தெர்மோஸ்டாட் கட் ஆனதும் உங்கள் வால்வ் மூடும், ஈசியூ பதறித் திறக்கும். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்க, ஸ்லோ ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஏசியோடு விற்ற காரில் வரிசையே வேறு. சுவிட்ச் போட்டதும் கம்ப்ரசர் ஓடாது. ஈசியூவுக்கு ஒரு கோரிக்கை மட்டும் போகும். அது முதலில் ஸ்லோவை ஏற்றும், பிறகுதான் ரிலேயை எர்த் பண்ணும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் சில நொடி கம்ப்ரசரை விடும், தண்ணீர் கொதிக்கப் போனால் தானே நிறுத்தும். உங்கள் சுவிட்ச் சுற்றில் இதில் ஒன்றாவது உண்டா?

ரிலே வேலு

உண்டு. முழுக்க மிதித்தால் தட்டிவிட மைக்ரோ சுவிட்ச், தண்ணீர் சூட்டுக்கு ஒரு டெம்பரேச்சர் சுவிட்ச். இரண்டையும் அதே வரிசையில் தொடராகப் போட்டால் போதும்.

ஐடில்-அப் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், எம்பிஎஃப்ஐயில் அது வேண்டாம். ஆனால் அதே நியாயம் உங்களுக்கும் பொருந்துமே? ஸ்லோ இறங்கினால் ஈசியூ தானாகவே வால்வைத் திறந்து ஏற்றத்தானே செய்யும்? கம்ப்ரசர் பிடிக்கும் அந்த ஒரு நொடி வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், அவ்வளவுதான். அதற்காகவா முழு ஒயரிங்கையும் பிரிப்பது?

இன்னொன்று. அவரிடம் இருப்பது ஜிப்சி கிங் ஈசியூ. மாருதி ஏசியே கொடுக்காத வண்டியின் பெட்டி. அதில் ஏசி கோரிக்கைக்கென்று ஒரு பின் (ஒயர் சேரும் முனை) இருக்கும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறீர்கள்?

ஹார்னஸ் கார்த்தி

நல்ல கேள்வி. இருக்கும் என்று சொல்லவில்லை. இல்லையென்றால் எஸ்டீம் ஈசியூவுக்குப் போகலாம். அதே ஜி13பிபி, 85 குதிரைத்திறன், ஏசியோடு விற்ற கார். புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் தேடினால் ஹார்னஸோடு, அதாவது ஒயரிங் கட்டோடு, கிடைக்கும். ஹார்னஸை வெட்டாமல் முழுசாக வாங்க வேண்டும். கனெக்டரை அறுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

ரிலே வேலு

அங்கேதான் ஆரம்பம். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்ப விடாத பூட்டு) உள்ள பெட்டியாக இருந்தால் சாவியும் அதன் ஜோடிப் பெட்டியும் வேண்டும். எஸ்டீம் பெட்டி வண்டியின் வேகம் கேட்கும். 95 ஜிப்சியில் ஸ்பீடோமீட்டருக்கு கேபிள்தான், சென்சார் எங்கே? இன்ஜின் லைட் எரிந்துகொண்டே இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் மூளையை ஏசிக்காக மாற்றச் சொல்கிறீர்கள்.

பழைய பித்தளை

ஏசி வேண்டுமென்றால் ஸ்விஃப்ட் வாங்குங்கள். ஜிப்சியை ஜிப்சியாக விடுங்கள். கேன்வாஸைச் சுருட்டினால் காற்று வராதா?

ஏற்காடு மேடு

ஏப்ரலில் வாழப்பாடிப் பக்கம் மதியம் இரண்டு மணிக்கு கேன்வாஸைச் சுருட்டிப் பாருங்கள் ஐயா, என்ன காற்று வருகிறதென்று தெரியும். இன்ஜினே மாறிவிட்ட வண்டி, இனி எதை அப்படியே வைத்திருப்பது?

கொதிகலன் (ஓசூர்)

ஈசியூவா சுவிட்சா என்று இவ்வளவு பேசுகிறீர்கள், அந்த வண்டியின் ரேடியேட்டர் எது என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஏற்காடு மேடு சார், 970இன் ரேடியேட்டரையே வைத்திருக்கிறீர்களா, 1.3இன் ரேடியேட்டர் போட்டிருக்கிறீர்களா? பழையது என்றால் ஏசி பேச்சை இப்போதே நிறுத்துங்கள். 45 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அளந்து வைத்த ரேடியேட்டரில் இப்போது 80 குதிரைத்திறன் இன்ஜின் ஓடுகிறது. அதற்கு முன்னால் கண்டன்சர் வைத்தால், கேபினிலிருந்து எடுத்த சூடும் கம்ப்ரசர் அமுக்கிய சூடும் சேர்ந்து அந்தக் காற்றில்தான் இறங்கும். வெயில் 40 டிகிரி என்றால் ரேடியேட்டருக்குப் போய்ச் சேரும் காற்று 50ஐத் தாண்டும். தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஏறும்போது தெரியும்.

அடுத்தது 508. அது ஒரு சுற்றுக்கு 138 சிசி தள்ளும் கம்ப்ரசர். ஜிப்சிக்குள் இருக்கும் இடத்துக்கு அது அதிகம், 1.3க்கும் பாரம். 87 சிசி உள்ள 505 போதும். ஸ்லோ குலுங்குகிறது என்ற பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும், உங்கள் இரண்டு பேரின் சண்டையும்தான். எஸ்டீம் கம்ப்ரசரும் பிராக்கெட்டும் கிடைத்தால் பார்க்கலாம். ஆனால் எஸ்டீமில் இன்ஜின் குறுக்கே கிடக்கிறது, ஜிப்சியில் நீளவாக்கில். பிளாக்கில் போல்ட் சேர்ந்தாலும் கீழே சேசிஸ் இடிக்கிறதா, பெல்ட் ஒரே கோட்டில் வருகிறதா என்று வெறும் பிராக்கெட்டை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

மூன்றாவது, கூரை. கேன்வாஸா ஹார்ட் டாப்பா? கேன்வாஸ் என்றால் எத்தனை டன் ஏசி போட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

ஏற்காடு மேடு

ஹார்ட் டாப்தான், பின்கதவு ரப்பர் மட்டும் மாற்ற வேண்டும். ரேடியேட்டர் பழையது. ஏசி இல்லாமல் ஏற்காடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியிருக்கிறேன், முள் பாதியைத் தாண்டவில்லை.

கொதிகலன்

ஏற்காட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? காலை ஆறு மணிக்கு ஏறிய கணக்கு இதற்கு ஆகாது. 1.3 ரேடியேட்டர், ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு), கண்டன்சருக்கு முன்னால் தனி எலக்ட்ரிக் ஃபேன். இன்ஜினோடு சுற்றும் ஃபேன் ஸ்லோவில் எவ்வளவு காற்று இழுத்துவிடும்? கண்டன்சர் பேரலல் ஃப்ளோ வகையாக இருக்கட்டும். ஆர்12 என்ற பழைய ஏசி கேஸ் காலத்துக் குழாய் கண்டன்சரை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள், ஆர்134ஏ கேஸுக்கு அது திணறும்.

ஹார்னஸ் கார்த்தி

ரேடியேட்டர் விஷயத்தில் கொதிகலனோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த எலக்ட்ரிக் ஃபேனை யார் ஓட்டுவது? ஏசி போட்டதும் எப்போதும் ஓட வேண்டுமா, நெடுஞ்சாலையில் 80இல் போகும்போதும்? எல்லாம் கடைசியில் மின்சாரத்தில்தான் வந்து நிற்கிறது.

ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்று தகட்டைப் பாருங்கள். கணக்கு இது. பெட்ரோல் பம்ப் 5, இக்னிஷனும் இன்ஜெக்டரும் ஈசியூவும் சேர்ந்து 6, ஹெட்லைட்டும் பின்விளக்கும் 11, ப்ளோயர் முழு வேகத்தில் 13, கண்டன்சர் ஃபேன் 9, கிளட்ச் 4. மொத்தம் 48 ஆம்பியர். இதில் வைப்பர், ஹாரன், பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் போதும் என்று தோன்றும். ஸ்லோவில் அது பாதி கொடுத்தாலே பெரிது. மழை ராத்திரியில் டிராஃபிக்கில் நின்றால் பேட்டரியிலிருந்துதான் சாப்பிடுவீர்கள். வோல்டேஜ் இறங்கினால் கார்புரேட்டர் வண்டிக்கு ஹெட்லைட் மங்கும். எம்பிஎஃப்ஐயில் பம்ப் அழுத்தமும் இன்ஜெக்டர் திறக்கும் நேரமும் சேர்ந்து மாறும்.

ரிலே வேலு

இதில் எனக்குச் சண்டை இல்லை. 80 ஆம்பியருக்குக் குறையாமல் போடுங்கள். ஆனால் ஆல்டர்னேட்டரை மட்டும் பெரிதாக்கிவிட்டு, அதிலிருந்து பேட்டரிக்கு வரும் பழைய ஒயரை அப்படியே விட்டால் உருகும். ஒயரையும் மாற்ற வேண்டும். இன்ஜினிலிருந்து பாடிக்கும் சேசிஸுக்கும் புதிய எர்த் பட்டை. இன்ஜின் மாற்றிய வண்டிகளில் "ஈசியூ போச்சு" என்று கொண்டுவருவதில் முக்கால்வாசி எர்த் கோளாறுதான். பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள்.

ஃபேனுக்கு ஈசியூ எதற்கு? நடு அழுத்தத்துக்கும் புள்ளி உள்ள பிரஷர் சுவிட்ச் வாங்கினால் அதுவே பார்த்துக்கொள்ளும். 15 பார் வாக்கில் ஃபேனைப் போடும், 30 பார் பக்கம் போனால் கம்ப்ரசரை நிறுத்தும், கேஸ் ஒழுகி 2 பாருக்குக் கீழே போனாலும் நிறுத்தும். 80இல் போகும்போது அழுத்தம் தானாக இறங்கும், ஃபேனும் நிற்கும்.

ஹார்னஸ் கார்த்தி

ஃபேனுக்கு ஒப்புக்கொள்கிறேன். கம்ப்ரசருக்கு இல்லை.

சரி, எஸ்டீம் பெட்டியை ஒதுக்கி வையுங்கள். நான் கேட்பது இரண்டே ஒயர். வேலு அண்ணன் சொன்ன அதே வரிசை, அதாவது சுவிட்ச், தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச். அது முடியும் இடத்தில் ரிலேக்குப் போகாமல் ஈசியூவின் ஏசி கோரிக்கைப் பின்னுக்குப் போகட்டும். ரிலேயின் எர்த்தை ஈசியூ கொடுக்கட்டும். ஜிப்சி பெட்டியில் அந்தப் பின் உண்டா என்று அதன் ஒயரிங் படத்தை வைத்துப் பாருங்கள். படத்தில் இருந்தால் கோரிக்கை கொடுத்து, ரிலேப் பின் எர்த் ஆகிறதா என்று மீட்டரில் பாருங்கள். ப்ளூடூத் ஸ்கேனரை நம்பாதீர்கள். இங்கே ஓபிடி (பெட்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் முறை) கட்டாயமானதே 2010இல்தான், அதற்கு முந்தைய பெட்டி அதோடு பேச வேண்டுமென்று எந்த அவசியமும் இல்லை.

ரிலே வேலு

படத்தில் இல்லையென்றால்?

ஹார்னஸ் கார்த்தி

இல்லையென்றால் உங்கள் வழி. ஆனால் பார்க்காமலேயே உங்கள் வழி என்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ரிலே வேலு

பின் இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ரிலே கிளட்ச் இரண்டின் காயிலுக்கும் குறுக்கே டயோடு இல்லாமல் ஈசியூவில் சேர்க்காதீர்கள். காயில் விடும்போது எகிறும் வோல்டேஜ் நேராகப் பெட்டிக்குள்தான் போகும். சுவிட்ச் வழியில் அதிகபட்சம் ஒரு சுவிட்ச் கரியும். இவர் வழியில் கரிந்தால் வண்டியே நகராது. அதனால்தான் நான் பயப்படுகிறேன், எலக்ட்ரானிக்ஸ் தெரியாமல் இல்லை.

கொதிகலன்

கேஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் ஆர்134ஏ என்று சொல்லிவிட்டு சமையல் கேஸ் மாதிரி தீப்பிடிக்கும் கேஸை ஏற்றுகிறார்கள். நன்றாகவே குளிரும், அதுதான் ஆபத்து. டாஷ்போர்டுக்குக் கீழே உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் காயில் அது, ஒழுகினால் கேபினுக்குள்தான். சீல் உடைக்காத டின்னை எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். வேக்கம் அரை மணி நேரமாவது ஓட வேண்டும், பிறகு முள் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். குழாய் கைக்குச் சில்லென்றிருக்கிறது என்று பார்த்து நிறுத்துகிறவரிடம் போகாதீர்கள்.

பழைய பித்தளை

இவ்வளவும் போட்டால் ஜிப்சி ஓடுமா?

கொதிகலன்

505 போட்டால் ஓடும். மேட்டில் ஒரு கியர் குறைத்துப் போக வேண்டியிருக்கும். அதற்கும் ஜிப்சிக்காரர்கள் பழகியவர்கள்தானே.

ஏற்காடு மேடு

சரி, வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் 1.3 ரேடியேட்டரும் ஷ்ரவுடும். ஏசி இல்லாமலே மதியத்தில் தொப்பூர் ஏறிப் பார்த்துவிடுகிறேன். அப்புறம் ஆல்டர்னேட்டர், எர்த் பட்டை. 508 வேண்டாம் என்று ஏசிக்காரரிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் முகம் சுளித்தார். பின்கதவு ரப்பர் வந்துகொண்டிருக்கிறது.

ஈசியூ விஷயம்: ஒயரிங் படம் கிடைத்தது. ஏசிக்கென்று ஒரு பின் படத்தில் இருக்கிறது, ஹார்னஸில் அந்த இடம் காலி. பெட்டிக்குள் உயிர் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எதுவானாலும் இரண்டு ஒயரையும் டாஷ் வரை இழுத்து கனெக்டர் போட்டுவிடுகிறேன். பெட்டி ஒத்துழைத்தால் கார்த்தி வழி, இல்லையென்றால் அதே கனெக்டரில் வேலு அண்ணன் வழி.

ஹார்னஸ் கார்த்தி

பாதி வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரிலே வேலு

எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கனெக்டரில் எந்த வழி இருக்கிறது என்று பார்க்கலாம். தம்பி, டயோடு வாங்கியாயிற்றா?

ஏற்காடு மேடு

வாங்கிவிட்டேன் அண்ணே, 1என்4007. வெள்ளிக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம், சரிதானே?

ரிலே வேலு

சரி. மாற்றிப் போட்டால் ஃபியூஸ் சொல்லிவிடும்.